சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஆடியபோது

பயிற்சி முகாமில் சேரும் புதியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிப்பீங்க?" கேட்டால் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலால் உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. எல்லாரும் நிறையத்தான் அடிக்கிறோம். தொழில்முறையாக கோல்ஃப் ஆடும் பெண்களில் பந்தை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவள் என்று ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படியும் ஒரு வாரத்தில் ஒருத்திதான் கோப்பையைத் தூக்குகிறாள். ஏன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் கடைசியாக வாங்கிய கோப்பையின் கதையைச் சொல்வது. மட்டையை எப்படிப் பிடித்தேன், எப்படி வீசினேன் என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் கோச் சொல்லிக்கொடுப்பார்.

எனக்குச் சொந்த ஊர் அரிமளம். அப்பா வளைகுடா நாடொன்றில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். நான் அங்கேதான் வளர்ந்தேன். ஆட்டம் முடிந்து மைதானம் காலியாகும் நேரத்தில் பந்தடிக்க என்னை அனுமதித்தார்கள். அப்படித்தான் தொடங்கியது. பிறகு இந்தியாவுக்கு வந்து, பெங்களூரில் தங்கி, இதையே தொழிலாக்கிக்கொண்டேன். அப்பா காலமான பிறகு ஆத்தா மட்டும் அரிமளம் வீட்டில் இருந்தாள். ஆத்தா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவளை. நான் போட்டியில் ஆடி அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோல்ஃப் மைதானமே கிடையாது என்பதால் அது யாருக்கும் குறையாகவும் தெரியவில்லை.

தொழிலுக்கு வந்த முதல் வருடம் எனக்கு ஒரு சீனியர் அக்காவோடு சேர்ந்து ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அன்று பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வெடி போட்டார்கள். அக்கா அந்த நேரத்தில் மட்டையைப் பின்னால் தூக்கி முடித்திருந்தார். அப்படியே நிறுத்தினார். பந்தை விட்டுவிட்டுப் பையிருந்த இடத்துக்கு நடந்து போனார். கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி காற்றைப் பார்த்தார், மறுபடி மட்டையைத் தேர்ந்தெடுத்தார். முதலில் எடுத்த அதே மட்டைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டம் முடிந்து கேட்டேன். "பாதியில் கலைஞ்சதை மிச்சத்திலிருந்து தொடரக் கூடாது பாப்பா. முதலிலிருந்து ஆரம்பிக்கணும். கையுறையைக் கழட்டினாத்தான் நான் ஆரம்பிச்சிட்டேன்னு என் கைக்கே தெரியுது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பழக்கம் என்னுடையதும் ஆயிற்று. எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தராத இந்த ஒரு காரியம் எனக்கு எத்தனையோ போட்டிகளில் சோறு போட்டிருக்கிறது.

இனி கதைக்கு வருகிறேன். அரிமளத்துக்குக் கொஞ்ச தூரத்தில், தைலமரக் காடாக இருந்த ஓர் இடத்தை ஒரு தனியார் நிறுவனம் வாங்கி விடுதியும் கோல்ஃப் மைதானமும் கட்டியது. கடைசிக் குழிக்குப் பக்கத்தில் கண்மாய், நடுவில் செம்பாறை மேடு. நன்றாகவே அமைத்திருந்தார்கள். திறந்த கையோடு பெண்களுக்கான ஒரு தொழில்முறைப் போட்டியையும் நடத்த ஏற்பாடு செய்தார்கள். மூன்று நாள் ஆட்டம். கூட்டம் வர வேண்டும் என்பதற்காக உள்ளூர்க்காரர்களுக்கு அனுமதி இலவசம்.

எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கோப்பை வாங்கி வருடக்கணக்காகிவிட்டது. அந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரில் போட்டி என்றதும், கடைசியாக ஒரு தடவை நம் சனத்துக்கு முன்னால் ஆடிவிடுவோம் என்று போனேன்.

சொந்த ஊரில் ஆடுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரில் உங்களை யாருக்கும் தெரியாது. தோற்றால் பஸ் ஏறி வந்துவிடலாம். சொந்த ஊரில் உங்களைப் பார்க்க வருகிறவர்கள், உங்களுக்குக் காது குத்தியபோது தூக்கி வைத்திருந்தவர்கள்.

முதல் நாள் காலையிலேயே அன்னவாசலிலிருந்து என் தாய்மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். அரிமளத்துப் பையன்கள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் வரிசையாக நின்றார்கள். நான் பந்தடித்தால் விசில், நடந்தால் விசில், குடையை விரித்தால்கூட விசில். அவர்களுக்கு ஆட்டம் தெரியாது. பந்து தூரமாகப் போனால் நல்லது என்பது மட்டும் தெரியும்.

செம்பாறை மேடு உள்ள குழிக்கு வந்தேன். அது நீளமான குழி, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி வெகு தூரம். மேட்டுக்கு முன்னால் பந்தை நிறுத்தி, அடுத்த அடியில் தாண்டுவதுதான் திட்டம். என் கேடி மல்லிகா அதற்கான சின்ன மட்டையை நீட்டினாள். கேடி என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, எந்த மட்டை, எந்தத் திசை என்று யோசனை சொல்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். மல்லிகா ஓசூர்க்காரி. வருடக்கணக்காக என்னோடு இருப்பவள்.

"பெருசைக் கொடு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பாறை இருக்கு. நேத்து பேசினோமே?"

"கொடு மல்லிகா."

பந்து நல்ல உயரத்தில் போனது. பையன்கள் விசிலடித்தார்கள். மேட்டின் உச்சியில் பாறையில் மோதி, பக்கவாட்டில் தைலமரங்களுக்குள் போய் விழுந்தது. அதற்கும் விசிலடித்தார்கள். அந்த ஒரு குழியை முடிக்க மட்டும் எட்டுத் தடவை அடித்தேன். நாள் முடிவில் நான் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தேன்.

மாமா பெருமையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "போர்டைப் பாத்தேம்மா. மத்த புள்ளைங்களுக்கெல்லாம் கம்மியா போட்டிருக்கு. ஒனக்குத்தான் நெறையாப் போட்டிருக்காங்க."

"மாமா, இதுல யாருக்குக் கம்மியோ அவங்கதான் ஜெயிச்சவங்க."

மாமா போர்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்த எட்டு?"

"அது தப்பு மாமா."

"நாங்க அதுக்குத்தான் ரொம்பக் கை தட்டுனோம்" என்றார் வருத்தமாக.

அவர் மேல் என்ன குற்றம்? கைதட்டலுக்காக அடித்தவள் நான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கூடத்தில் கறிக்குழம்பு வாசனை. சித்தப்பா மகள், அவள் நாத்தனார், நாத்தனாரின் குழந்தைகள் என்று எல்லாரும் என்னோடு செல்ஃபி எடுக்கக் காத்திருந்தார்கள். போட்டி நடக்கும் நாட்களில் நான் தனியாகத்தான் தங்குவேன். இட்லியும் முட்டையும்தான் சாப்பாடு. போனை அணைத்து வைத்துவிடுவேன். எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவேன். இருபது வருடப் பழக்கம். ஊருக்கு வந்ததும் முதல் நாளே அத்தனையையும் கழற்றி வைத்திருந்தேன். செம்பாறை மேட்டில் அந்தப் பெரிய மட்டை என் கைக்கு வந்ததன் தொடக்கம் இங்கேதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஆத்தாவை அடுப்படிக்குள் கூட்டிப்போனேன்.

"ஆத்தா, மல்லிகா புதுக்கோட்டையில லாட்ஜுல தங்கியிருக்கா. நானும் அங்கிட்டுப் போறேன். போட்டி முடியிற வரைக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊருக்கு வந்துட்டு லாட்ஜுல படுப்பியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும். எனக்கு இது வேலை ஆத்தா. அப்பா வேலைக்குப் போறப்ப யாரும் கூடப் போய் உக்காந்ததில்லையே."

கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிளறினாள். பிறகு, "சோறாச்சும் கொடுத்து விடவா?" என்றாள்.

"வேணாம் ஆத்தா."

அந்த மூன்று நாட்களில் அதைவிடக் கடினமான எதையும் நான் செய்யவில்லை. இந்தத் தொழிலில் உங்களைக் கெடுக்க நினைப்பவர்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். உங்கள் மேல் பிரியமாக இருப்பவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வதைத்தான் பழக வேண்டும். சொல்லும்போது குரல் உயரக் கூடாது. காரணத்தைப் பொய்யாகவும் சொல்லக் கூடாது.

இரண்டாம் நாள் என் ஆட்டத்தை ஆடினேன். செம்பாறை மேட்டுக்கு முன்னால் சின்ன மட்டையால் பந்தை நிறுத்தியபோது கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒரே முனகல். "என்னக்கா, பயந்துட்டீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று ஆடியவர்களிலேயே குறைந்த கணக்கு என்னுடையது. ஹரியானாவிலிருந்து வந்திருந்த நவ்னீத் என்ற இருபத்தொரு வயதுப் பெண் முதலிடத்தில் இருந்தாள். நான் அவளுக்கு இரண்டு அடி பின்னால், இரண்டாம் இடத்தில்.

ஆனால் ஆத்தா வரவில்லை. நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பும்போது மல்லிகாதான் சொன்னாள். "இன்னிக்கு நல்லா ஆடினீங்க. ஆனா ஒவ்வொரு குழியிலும் கூட்டத்துல யாரையோ தேடினீங்க. போனை எடுத்துப் பேசிடுங்க."

போட்டி நடுவில் போனை எடுப்பதில்லை என்பது என் சட்டம். அன்று எடுத்தேன்.

"ஏன் ஆத்தா வரல?"

"நீ வேலைன்னு சொன்னியே. நான் வந்து நின்னா ஒனக்கு எடஞ்சலாத்தான இருக்கும்."

"நாளைக்கு வா. ஆனா என்கிட்டப் பேசக் கூடாது. கையாட்டக் கூடாது. நான் ஒன்னையப் பாத்தாலும் ஒனக்கு என்னையத் தெரியாத மாதிரி இருக்கணும். முடியுமா?"

"பாக்கவாச்சும் செய்யலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

பழக்கம் என்பது வேலி மாதிரி. ஆடு மாடு நுழையாமல் இருக்கப் போடுவது. ஆனால் வேலி போட்டவன் ஒரு படலும் வைத்திருப்பான். எப்போது திறப்பது, யாருக்குத் திறப்பது என்று தெரியாமல் வெறும் வேலியை மட்டும் கட்டிக்கொண்டு திரிந்து, ஆட்டத்தையே வெறுத்துப்போன சிலரை எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் நானும் நவ்னீத்தும் கடைசி ஜோடியாக இறங்கினோம். நம்ம ஊர்ப் பெண் ஜெயிக்கப் போகிறாள் என்று பேச்சு பரவி, திருமயம் ரோடு முழுக்க வண்டிகள். மாமா இந்தத் தடவை இரண்டு வேனோடு வந்திருந்தார். ஆத்தா முன்வரிசையில், கயிற்றை ஒட்டி, சொன்னது சொன்னபடி எனக்கு யாரோ மாதிரி நின்றாள்.

பாதி ஆட்டத்தில் நவ்னீத்தை எட்டிப் பிடித்துவிட்டேன். பதினைந்தாவது குழியில் நான் மட்டையைத் தூக்கிய நேரம் பார்த்து யாருடைய போனோ உரக்கப் பாடியது. நிறுத்தினேன். பைக்குப் போய்க் கையுறையைக் கழற்றினேன். "என்னாச்சு, கை வலிக்குதா?" என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்து அடித்தேன். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அடுத்த குழியில் நவ்னீத் ஓர் அடி கூடுதலாக எடுக்க, நான் ஓர் அடி முன்னே போனேன்.

பதினேழாவது குழியில்தான் அது நடந்தது. நவ்னீத்துக்கு மூன்றடித் தூரத்தில் குழி. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது. அவள் மட்டையை அசைத்த அதே நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு விசில் பறந்தது. அவள் கை உதறிவிட்டது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிற்று. உடனே கைதட்டல். மைதான ஆள் ஒருவர் 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

விதிப்படி அந்த அடி அடித்ததுதான். திரும்பக் கிடையாது. நான் இரண்டு அடி முன்னால். ஒரே ஒரு குழி பாக்கி.

நவ்னீத் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தொப்பியை முகத்துக்கு நன்றாக இறக்கியிருந்தாள்.

கடைசிக் குழிக்கு நடக்கும்போது மல்லிகாவிடம் கேட்டேன். "நான் போய் எங்க ஊர்க்காரங்ககிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் உடனே. "அது அதிகாரிங்க வேலை. நீங்க உங்க அடியை மட்டும் பாருங்க. இப்போ போய்ப் பேசினா மனசு வெளியே போயிடும்."

அவள் சொன்னது சரியான யோசனை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நானும் அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். ஆனால் என் மனது ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. நவ்னீத் அடுத்து அடிக்கும்போதும் அந்த விசில் வருமா என்று என் காது காத்திருந்தது. வந்தால் நல்லது என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டும் இருந்தது. எதிராளி தவறட்டும் என்று காத்திருக்கும் உடம்பால் சொந்தமாக ஓர் அடி அடிக்க முடியாது. தோள் இறுகிவிடும். அது நியாயமா இல்லையா என்பது ஒரு பக்கம். எனக்கு அந்தக் காதை மூட வேண்டியிருந்தது. மூட ஒரே வழிதான் தெரிந்தது.

கயிற்றிடம் போனேன். கூட்டம் நெருங்கி வந்தது. நான் கத்தவில்லை. பக்கத்து வீட்டில் பேசுவது போலத்தான் பேசினேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. அந்தப் புள்ள ரெண்டு நாள் ரயிலேறி நம்ம ஊருக்கு வந்திருக்கு. அதுக்கு இங்க ஒரு ஆளைத் தெரியாது. அது அடிக்கிறப்ப விசிலடிச்சு நான் ஜெயிச்சா, நாளைக்கு நான் எந்த ஊருல போய் ஆடுறது? அந்தப் புள்ள அடிக்கிறப்பவும் சத்தம் வேணாம், நான் அடிக்கிறப்பவும் வேணாம். நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. செய்வீங்களா?"

பையன்கள் தலையாட்டினார்கள். மாமாவுக்குத்தான் மனது கேட்கவில்லை. "அப்ப நாங்க எதுக்கும்மா வேன் பிடிச்சு வந்தோம்?"

என்னிடம் பேசக் கூடாது என்பது ஆத்தாவுக்கு ஞாபகம் இருந்தது. அதனால் தன் தம்பியான மாமாவிடம் திரும்பினாள். "பாக்க வந்தோம். வாயை மூடிக்கிட்டுப் பாரு."

திரும்பி நடக்கும்போது தோள் இறங்கியிருந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக முழுசாக மூச்சு விட்டேன்.

கடைசிக் குழிக்கு இடது கைப்பக்கம் முழுக்கக் கண்மாய். நவ்னீத்துக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. தண்ணீரை ஒட்டியே அடித்து, இரண்டாவது அடியில் கொடிக்குப் பக்கத்திலேயே பந்தைக் கொண்டுபோய்ப் போட்டாள். அப்படி ஓர் அடியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நானும் மல்லிகாவும் எங்கள் திட்டப்படி வலப்பக்கமாகப் போய், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனின் நடுவில் பந்தை வைத்தோம். குழி ரொம்பத் தூரம். என் முதல் தள்ளல் குழிக்கு ஐந்தடி முன்னால் நின்றுவிட்டது.

இப்போது நவ்னீத்தின் முறை. இதைப் போட்டாளானால் அவளுக்கும் எனக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். நான் என் ஐந்தடியைத் தவறவிட்டால் சமன். பிறகு ஆட்டம் நீளும், அவளுக்கு வயது இருபத்தொன்று.

அவள் பந்துக்கு முன்னால் நின்றாள். ஒருமுறை தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு இருமல்கூட இல்லை. விசிலடித்த பையன்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். கண்மாயில் தண்ணீர் கரையைத் தட்டுவது கேட்டது. அவள் தள்ளினாள். பந்து குழியின் நடுவில் இறங்கியது. நானும் மல்லிகாவும் கைதட்டினோம். கூட்டம் அசையவில்லை. நான்தான் எதுவும் சொல்லவில்லையே.

நவ்னீத் முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஐந்தடி. இதைப் போன்ற ஒரு தள்ளலை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேனோ. கை நடுங்கியது. நடுங்காத கை வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அதை நான் பார்த்ததில்லை. நடுங்கும் கைக்கு ஒரு வேலை கொடுக்கலாம், அவ்வளவுதான். பின்னால் போனேன். சரிவைப் பார்த்தேன். முன்னால் வந்தேன். தினமும் செய்வதை அதே வரிசையில், அதே வேகத்தில் செய்தேன். அது முடிந்தபோது அடிப்பதைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. அடித்தேன்.

பந்து குழிக்குள் விழும் சத்தத்தைச் சொந்த ஊரில் அவ்வளவு தெளிவாகக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றி அடங்குவது வரை கேட்டது.

அதன் பிறகும் அமைதி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பாதிக்குத் தெரியாது. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாமா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் கேட்பது போல. "முடிஞ்சிருச்சாம்மா? இப்பச் சத்தம் போடலாமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போடுங்க மாமா" என்றேன்.

தைலமரக் காட்டில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. மூன்று நாள் விசிலையும் மொத்தமாக அடித்தார்கள். மல்லிகா பையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நவ்னீத் வந்து கை குலுக்கி, "உங்கள் ஊர் ஆட்கள் நல்லவர்கள்" என்று இந்தியில் சொன்னாள். கயிறு அறுந்து கூட்டம் உள்ளே வந்தது. பையன்கள் அவளையும் விடவில்லை, அவளோடும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆத்தா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவள் மாதிரியே, கண்ணில் மட்டும் நீர் நிற்க, பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் நடந்தேன்.

"சத்தம் போடலாம்னு சொன்னது ஒனக்குந்தான் ஆத்தா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, கோயில் கொடையில் போடுவது போல, நீளமாகக் குலவை போட்டாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் அதை வாங்கிக்கொண்டார்கள்.